நான்காம் அறை நோயாளி

அவருக்கு நோய் சொல்ல வராது. தோட்டத்து லயத்து வீடுகளில் யாருக்கு என்ன செய்கிறது என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். தன்னுடையதை மட்டும் சொல்ல வராது. அப்படிப்பட்ட ஒரு அம்மாவைப் பிடித்து மூன்று வருடம் நோயாளி வேஷத்துக்கு வைத்திருந்தவன் நான். தகுந்த ஆளைத் தகுந்த இடத்துக்குத் தெரிவு செய்வதுதான் அப்போது என் உத்தியோகம்.

பெயரை எழுதவில்லை. எழுதினால் கோபிக்க மாட்டார். ஆனால் “என் பேர எதுக்குங்க சேர் கடதாசியில போட்டீங்க?” என்று கவலைப்படுவார். இப்போது மகளோடு பண்டாரவளைப் பக்கம் இருக்கிறார். நான் போனில் விசாரித்தால் நல்லா இருக்கேன் என்கிறார். அதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், பிறகு மகளிடம் தனியாக ஒரு தடவை கேட்டுக்கொள்கிறேன்.

கஹவத்தையில் பஸ்ஸை விட்டு இறங்கி, றப்பர் மலையை ஒட்டிப் போகும் படிக்கட்டில் ஏறினால் எங்கள் பயிற்சி நிலையம். ஒரு தொண்டு நிறுவனம் நடத்தியது. ஒரு வருடம் தாதி உதவியாளர் பயிற்சி. முடித்தால் இரத்தினபுரியிலோ கொழும்பிலோ தனியார் ஆஸ்பத்திரியில் வேலை. தடத்துக்கு ஓரெழுத்தாக ஏபிசீடி ஒட்டிய கார்மென்ட்ஸ் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறாமல் தப்ப, சுற்றுவட்டாரத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இருந்த ஒரே வழி அது. இடம் இருபது. விண்ணப்பம் மேசை கொள்ளாமல் வரும். நான் அங்கே இணைப்பாளர். வைத்தியம் படித்தவன் அல்ல. வைத்திய வேலைக்கு வருகிறவர்களை வடிகட்டுகிறவன். இரத்தத்தைக் கண்டால் எனக்குத் தலை சுற்றும். நான் வேலைக்குச் சேர்ந்தபோது என்னை யாரும் அதைக் கேட்கவில்லை.

ஆரம்பத்தில் எங்கள் நேர்முகப் பரீட்சை மிகச் சாதாரணமானது. மேசைக்குப் பின்னால் மூன்று பேர் உட்கார்ந்திருப்போம். “ஏன் இந்தத் துறைக்கு வர விரும்புகிறீர்கள்?” என்று கேட்போம். “மக்களுக்குச் சேவை செய்ய” என்று பதில் வரும். காலையிலிருந்து மாலை வரை அதே பதில், அதே ராகத்தில். ஊரில் இருந்த டியூஷன் மாஸ்டர் ஒருவர் எல்லோருக்கும் அதையே பாடமாக்கிக் கொடுத்திருந்தார். கடைசியில் யார் சத்தமாகச் சொன்னார்களோ அவர்களை எடுத்துக்கொள்வோம்.

பிறகு என்னைக் கொழும்பில் மூன்று நாள் செயலமர்வுக்கு அனுப்பினார்கள். அங்கேதான் புதிய முறையைக் கண்டேன். ஆறு அறை. அறைக்கு ஒரு பரீட்சகர். ஒவ்வொரு அறையிலும் ஒரு சோதனை, ஏழு நிமிடம். மணி அடித்தால் பிள்ளை அடுத்த அறைக்குப் போக வேண்டும். ஒரு அறையில் நோயாளி போல ஒருவர் நடிப்பார். அவருக்கு என்ன செய்கிறது என்று பிள்ளை பேசிக் கண்டுபிடிக்க வேண்டும். பாடமாக்கி வந்தவர்கள் அங்கே தடுமாறிப் போவார்கள், உண்மையிலேயே மனசு உள்ளவர்கள் வெளியே தெரிவார்கள் என்றார்கள். முறையில் ஒரு குறையும் இல்லை, இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். நான் திரும்பி வரும்போது அங்கே தந்த குறிப்புக் கோவையை பஸ்ஸில் மேலே வைக்கக்கூட மனமில்லாமல் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்தவர் ஏதோ காணி உறுதி என்று நினைத்திருப்பார்.

நோயாளி வேஷத்துக்கு முதலில் பிடித்தது பக்கத்துத் தோட்டத்தில் காமன் கூத்து ஆடும் ஒருவரை. நல்ல கலைஞர். வயிற்றுவலி என்று சொல்லி வைத்திருந்தேன். முதல் பிள்ளை கதவைத் திறந்ததும் அவர் கதிரையிலிருந்து தரையில் விழுந்து, உருண்டு, மேசையைத் தட்டிவிட்டு, தன் சாவுக்குத் தானே ஒப்பாரி எடுத்தார். அடுத்த அறைப் பிள்ளைகள் பரீட்சையை விட்டு ஓடி வந்தார்கள். ஒரு பையன் சமயோசிதமாகக் கீழே இறங்கிப்போய் த்ரீவீலரே கொண்டுவந்துவிட்டான். அவனுக்கு நேரம் தாண்டிவிட்டது என்று புள்ளி குறைத்தேன்.

அடுத்த நாள், வெளியே காத்திருப்பவர்கள் உட்காரும் வாங்கில் இவரைப் பார்த்தேன். பரீட்சைக்கு வந்த பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குத் துணையாக வந்திருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். றப்பர் மலையில் பால் வெட்டுகிறவர்; முழங்கையில் காய்ந்த பால் நூல் நூலாக ஒட்டியிருந்தது. கண்ணுக்குக் கீழே கறுப்பு, வெளிறிய உதடு, பேசும்போது நடுவில் ஒரு தரம் மூச்சை இழுத்துக்கொண்டு பேசினார். வேஷமே போடத் தேவையில்லை, என்ன பொருத்தம் என்று எனக்கு ஒரே சந்தோஷம். வேலையை விளக்கினேன்.

“நடிக்கணுங்களா? எனக்கு அதெல்லாம் வராதுங்களே.”

“நடிக்கத் தேவையில்லம்மா. சும்மா உக்காந்து, கேக்கிறவங்களுக்கு வயித்துவலின்னு சொன்னா போதும்.”

“வயித்துவலி இல்லைங்களே சேர்.”

“இருக்கிற மாதிரி.”

யோசித்துவிட்டு, பிள்ளைகளுக்கு உதவி என்றால் செய்கிறேன் என்றார்.

அன்று நான்காம் அறையின் மூலையில் பரீட்சகராக நானே உட்கார்ந்தேன். அவர் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்து, கதிரையை முந்தானையால் துடைத்து, அதன் நுனியில் அமர்ந்தார். முதல் பிள்ளை கையில் கடதாசியும் பேனையுமாக உள்ளே வந்தது.

“அம்மா, உங்களுக்கு என்ன செய்யுது?”

“ஒன்னும் இல்லைங்க.”

“எங்கயாவது வலிக்குதா?”

“இல்லைங்க. நல்லா இருக்கேன். நீங்க உக்காருங்க புள்ள.”

ஏழு நிமிடமும் இப்படியே போனது. அடுத்த பிள்ளைக்கும் அப்படியே. சிங்களப் பிள்ளை வந்தால் அதே சிரிப்போடு “மொகுத் நே துவே”, ஒன்றுமில்லை மகளே, என்று அதன் பாஷையிலும் நல்லபடியாக இருந்தார். நாலு பிள்ளைகள் போனதும் எனக்குப் பொறுக்கவில்லை. வெளியே கூட்டிக்கொண்டு போனேன்.

“அம்மா, நீங்க நோயாளிம்மா!”

“தெரியுங்க சேர். சொல்லணும்னுதான் நெனைக்கிறேன். அந்தப் புள்ளைங்க கடதாசியும் பேனையுமா வருதுங்களே. வாய் தானா அப்பிடித்தான் சொல்லுதுங்க.”

எனக்கு அது புரிந்திருக்க வேண்டும். நானும் லயத்தில் பிறந்தவன்தான். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர்; பேர் விழுந்தால்தான் அன்றைய சம்பளம். கடதாசியோடு வந்து என்ன செய்கிறது என்று கேட்கிறவரிடம் முடியவில்லை என்று சொல்லிவிட்டால் அவர் எழுதிவிடுவார். எழுதினால் அன்றைய பேர் போய்விடும். எங்கள் அம்மா காய்ச்சலோடு நெற்றியில் ஈரத்துணியைச் சுற்றி, அதன்மேல் முக்காடு போட்டுக்கொண்டு, விடியற்காலை ஆளெடுக்கும் பெரட்டுக்குப் போய் நின்றதைப் பார்த்திருக்கிறேன். அதையெல்லாம் செயலமர்வில் யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொன்னால் லயத்துப் பிள்ளை என்று தெரிந்துவிடும் என்ற கூச்சம் வேறு.

ஆனால் நான் சும்மா இருப்பவனா? அன்று இரவு அறிக்கை எழுதும்போது அதை ஒரு கண்டுபிடிப்பாக்கிவிட்டேன். “ஒத்துழைக்காத நோயாளியுடன் உரையாடல்: எமது நிலையத்தின் விசேட அம்சம்” என்று தலைப்புக் கொடுத்தேன். கொழும்பில் பாராட்டினார்கள். அடுத்த வருடத்திலிருந்து அவர் நிரந்தரமானார். நான்காம் அறை என்றாலே பிள்ளைகளுக்கு நடுக்கம் என்று பேச்சு பரவியது. எனக்கு அதில் ஒரு பெருமை.

அவருக்கோ பிள்ளைகள் நடுங்குவது தாங்காது. தான் ஒன்றும் சொல்லாவிட்டாலும் அவர்களை விசாரித்துவிடுவார். எந்தத் தோட்டம், காலையில் எத்தனை மணிக்கு பஸ் ஏறினீங்க, சாப்பிட்டீங்களா, அப்பா குடிக்கிறவரா. ஏழு நிமிடம் முடியும்போது நோயாளியைப் பற்றிப் பிள்ளைக்கு ஒன்றும் தெரிந்திருக்காது, பிள்ளையின் குடும்பம் முழுவதும் நோயாளிக்குத் தெரிந்திருக்கும். ஒரு பெண் அழுதேவிட்டாள். “நோயாளியின் முன் உணர்ச்சிவசப்பட்டார்” என்று எழுதினேன்.

இன்னொரு பையன் ஐந்து நிமிடம் மன்றாடிவிட்டு, “அம்மா, நீங்க சொல்லலேன்னா எனக்கு மார்க் கெடைக்காது” என்று உண்மையைச் சொல்லிவிட்டான்.

இவர் பதறிப்போனார். “அடப் பாவமே! மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே தம்பி. வயித்துவலின்னு போட்டுக்கங்க. மூனு நாளான்னு போட்டுக்கங்க. வேற எதுவும் எழுதணுங்களா?”

என் படிவத்தில் “பிரச்சினையை இனங்கண்டார்” என்று ஒரு கட்டம் இருந்தது. அவன் இனங்கண்டுவிட்டான். சரி போட்டேன். அந்தப் படிவத்தில் வேறு கட்டங்களும் இருந்தன. “கண்ணைப் பார்த்துப் பேசுதல்” என்று ஒன்று. தோட்டத்துப் பிள்ளைகள் பெரியவர்கள் முன்னால் தரையைப் பார்த்துத்தான் பேசுவார்கள். ஒன்றுவிடாமல் எல்லோருக்கும் அதில் வெட்டினேன். நிர்வாகக் குழுத் தலைவர் வந்தால் நானே என் சப்பாத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்வேன் என்பது வேறு விஷயம். “பரிவு” என்றும் ஒரு கட்டம், பத்துப் புள்ளி. பரிவை நான் அரைப் புள்ளி வரை துல்லியமாக அளப்பேன்.

சாப்பாட்டு இடைவேளையில் இவர் பரீட்சகர்களோடு இருக்க மாட்டார். சோற்றுப் பார்சலை எடுத்துக்கொண்டு வாசல்படிக்குப் போய்விடுவார். ஒரு நாள் நானும் அங்கே போய்ச் சாப்பிட்டேன். கீழ்மட்டத்தோடு பழகும் அதிகாரி என்று நாலு பேர் பார்க்கட்டுமே என்றுதான். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டார்.

“சேருக்கு எடது பக்கம் பல்லு நோவுதுங்களா?”

“ஏன் கேக்கிறீங்க?”

“சோத்த வலது பக்கமே மெல்றீங்களே. கடவாப் பல்லுங்க. விட்டா காதுக்கு ஏறிடும். இன்னைக்கே போய்ப் புடுங்கிடுங்க சேர்.”

பிடுங்கினேன். டொக்டர் இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் தாடை வீங்கியிருக்கும் என்றார். அதை வீட்டில் சொல்லி வியந்தேன். திரும்பி அவரிடம் உங்களுக்கு எப்படியிருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. நான் அறைக்குள் கேள்வி கேட்கிற ஆள், வாசல்படியில் அல்ல.

நேரம் தவறாதவர் என்று அவரைப் பற்றி ஒரு கூட்டத்தில் பேசியும் இருக்கிறேன். எட்டு மணிக்கு வரச் சொன்னால் ஏழுக்கே படிக்கட்டின் பாதியில் உட்கார்ந்திருப்பார். நான் ஏறி வரும்போது எழுந்து, முந்தானையைச் சரிசெய்து, “நீங்க முன்னுக்குப் போங்க சேர், நான் மெதுவா வாறேன்” என்பார். பாருங்கள், ஒரு பால் வெட்டும் தொழிலாளிக்கு இருக்கும் கடமையுணர்வும் பணிவும் நமக்கு இருக்கிறதா என்று ஊழியர்களைக் கேட்டேன். கை தட்டினார்கள்.

மூன்றாம் வருடம் ஒரு பெண் வந்தாள். குருவிட்டவுக்கு அப்பால் ஒரு றப்பர் தோட்டத்து டிவிஷன். இருட்டோடு இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். அவளுக்கு அது கடைசி வருடம்; அடுத்த தடவை எங்கள் வயதெல்லையைத் தாண்டிவிடுவாள். முதலாம் அறையில் கேட்டதற்கு, “இது கெடைக்கலேன்னா மாசக் கடைசியில கார்மென்ட்ஸுக்குப் போறேங்க, பேர் குடுத்தாச்சு” என்று சொல்லியிருந்தாள். சேவை கீவை என்று ஒன்றும் சொல்லவில்லை. அதற்கே அங்கே இரண்டு புள்ளி போய்விட்டது.

நான்காம் அறை வாசலில் கொஞ்சம் நின்றாள். உள்ளே வந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி என் படிவத்தில் எங்கேயும் இல்லாதது.

“அம்மா, வெளிய கெடக்கிறது உங்க செருப்பா? ஆம்பள செருப்பா இருக்கு.”

“வீட்டுக்காரர் செருப்புங்க புள்ள.”

“உங்களுது என்னாச்சு?”

இவர் என்னைப் பார்த்தார். நான் தொடருங்கள் என்று கையைக் காட்டினேன்.

“என்னுது கால் நொழையுதில்லைங்க.”

அந்தப் பெண் கடதாசியையும் பேனையையும் மேசையில் போட்டுவிட்டுத் தரையில் குந்தினாள். சேலைக் கரையை விலக்கி, கணுக்காலுக்கு மேலே பெருவிரலால் அழுத்தி எடுத்தாள். நான் குனிந்து வேகமாக எழுதினேன்: “அனுமதியின்றி நோயாளியைத் தொட்டார்.”

“ராவுல நல்லா படுக்க முடியுதாம்மா? இல்ல, எழும்பி உக்காந்துக்கிறீங்களா?”

இவர் வாயைத் திறந்தார். ஒன்றுமில்லை என்று வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

“எங்க சித்திக்கும் இப்பிடித்தாம்மா இருந்திச்சு. மேட்டுல ஏற முடியாது. சொல்லவே மாட்டாங்க. சொல்லாமலே...” என்று அந்தப் பெண் நிறுத்திக்கொண்டாள். “நோயாளிக்கு வழங்கப்பட்ட சூழ்நிலையிலிருந்து விலகினார்” என்று எழுதினேன். வயிற்றுவலியைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மணி அடித்தது. அவள் எழுந்து நேராக என்னிடம் வந்தாள். தரையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

“சேர், இவங்களுக்கு நெசமாவே சொகமில்லைங்க. யாராவது டொக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும்.”

“பரீட்சகருடன் உரையாட விண்ணப்பதாரிகளுக்கு அனுமதியில்லை” என்றேன். லயத்தில் பிறந்தவன் வாயிலிருந்து என்ன தமிழ்! அவள் போனதும் நான்காம் அறைக்குரிய கட்டங்கள் எல்லாவற்றிலும் பூச்சியம் போட்டேன். பரிவுக்கும் பூச்சியம். அதைக் கூட்டி, கோடிட்டு, கையெழுத்து வைத்தேன்.

பட்டியல் ஒட்டியபோது அவள் இருபதுக்கு வெளியே, இருபத்தோராவது ஆள்.

இரண்டு நாள் கழித்து, வேலை நாளில், காலை பத்து மணிக்கு இவர் என் அலுவலக வாசலில் நின்றார். அந்த நேரத்தில் மலையில் இருக்க வேண்டியவர். அன்றைக்கு அவருக்குப் பேர் இல்லை என்று அர்த்தம். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. மூச்சு அடங்கும் வரை கதவைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“அந்தக் குருவிட்டப் புள்ள பேர் பட்டியல்ல இல்லைங்களாம்.”

“இல்லம்மா. உங்க அறையிலதான் அவ விட்டுட்டா. கண்டுபிடிக்க வேண்டியத கண்டுபிடிக்கல.”

“அது கண்டுபுடிச்சிச்சுங்க சேர்.”

“வயித்துவலியையா?”

“எனக்கு வயித்துவலி இல்லைங்களே. நெஞ்சுலதானுங்க. ரெண்டு மூனு வருஷமா. நாலு மரம் வெட்டுனா நிக்கணும். ராவுல செவத்துல சாஞ்சுதான் தூங்குறேன். கால் ரெண்டும் சாயந்தரமானா ஊதிக்குது. யார்கிட்டயும் சொன்னதில்லைங்க, மககிட்டயும் சொல்லல. மலைக்குப் போகாதன்னு சொல்லிட்டா என்னா பண்றது?” ஒரு மூச்சு விட்டுத் தொடர்ந்தார். “இப்ப சொல்றேன், எழுதிக்கங்க. என் பேரப் போட்டே எழுதிக்கங்க. அந்தப் புள்ள சொன்னது நெசம். அதுக்கு மார்க்கப் போடுங்க.”

நான் வழக்கம்போல விதிகளை எடுத்தேன். எழுத்து மூலமான ஆதாரம் இல்லாமல் புள்ளியை மாற்ற முடியாது, குழு இருக்கிறது, மேன்முறையீடு இருக்கிறது என்று. அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, என் எதிரே இருந்த கதிரையில் வலது காலைத் தூக்கி வைத்தார். எங்கள் பக்கத்தில் எந்தப் பெண்ணும் ஓர் உத்தியோகத்தர் முன்னால் அப்படிக் காலை வைக்கவே மாட்டார். கதிரையைத் துடைத்துவிட்டு நுனியில் உட்காருகிறவர் அவர்.

“மன்னிச்சுக்கங்க சேர். அமுக்கிப் பாருங்க.”

அழுத்தினேன். விரலை எடுத்ததும் அங்கே ஒரு குழி இருந்தது. நிரம்பும் என்று பார்த்தேன். நிரம்பவில்லை. படிக்கட்டில் ஒரு மணி நேரம் முன்னாடியே அவர் உட்கார்ந்திருந்தது எதற்காக என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நோயாளி மாதிரியே இருக்கிறார் என்று சந்தோஷப்பட்டு எடுத்தேனே, அதுவும் உறைத்தது. வெட்கமாக இருந்தது. மூன்று வருடம் நாலடி தூரத்தில் உட்கார்ந்து, இந்த முகத்தில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்காத பிள்ளைகளுக்கெல்லாம் புள்ளி வெட்டியிருக்கிறேன்.

“உடனே டொக்டரப் பாக்கணும்மா.”

“பாக்கிறேங்க சேர்.”

“கட்டாயம்.”

“கட்டாயங்க. நீங்க அந்தப் புள்ளைக்குப் போடுங்க.”

சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். நான் உடனே வேலையில் இறங்கினேன். மனம் திருந்தியவனுக்கு எவ்வளவு சுறுசுறுப்பு! அன்றே குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். முதல் பிரதியில் “மதிப்பீட்டில் நேர்ந்த தவறு” என்று போட்டேன். அது போதாது என்று பட்டது. இரண்டாம் பிரதியில் “பரீட்சகரின் கவனக்குறைவு” என்று மாற்றினேன். மூன்றாம் பிரதியில் “பரீட்சகராகிய எனது பாரதூரமான கவனக்குறைவு” என்று திருத்தி, அந்த வரியை இரண்டு மூன்று தடவை வாசித்தேன். இப்படித் தன் தவறை ஒப்புக்கொள்ள எத்தனை பேருக்கு மனசு வரும் என்று நினைத்துக்கொண்டேன். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பெயர்க்க ஒரு நாள் போனது. குழுவைக் கூட்ட இன்னொரு நாள். தலைவர் வாசித்துவிட்டு என் நேர்மையைப் பாராட்டினார். நான் என் சப்பாத்தைப் பார்த்தேன். கூடுதலாக ஒரு இடம் கொடுக்கத் தீர்மானமானது.

நாலாம் நாள் காலை அந்தப் பெண்ணுக்குப் போன் எடுத்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு சின்னப் பேச்சைத் தயார் செய்திருந்தேன். தாமதமானாலும் நீதி கிடைத்தது என்ற மாதிரி. அவள் அழுவாள், நான் பரவாயில்லை பிள்ளை என்பேன் என்றும் யோசித்து வைத்திருந்தேன்.

“வணக்கம். பயிற்சி நிலையத்திலிருந்து பேசுகிறேன், நான்காம் அறைப் பரீட்சகர்.”

“ஆங், சேர். அந்த அம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனீங்களா?”

தயார் செய்திருந்த பேச்சின் முதல் வரியைத் தேடினேன்.

“சேர்? டொக்டர் என்ன சொன்னாரு?”

உனக்கு இடம் கிடைத்திருக்கிறது பிள்ளை, பிறகு பேசுகிறேன் என்று மட்டும் சொன்னேன். அவள் சந்தோஷப்பட்டாளா இல்லையா என்று கேட்க நிற்கவில்லை. மூன்று மொழியிலும் கடிதம் எழுதியிருந்தேன். அந்த வீங்கிய காலைக் கொண்டுபோய் ஒரு டொக்டரிடம் காட்டவில்லை. பார்க்கிறேங்க என்று அவர் சொன்னார், நான் அதை எடுத்துக்கொண்டேன். யார் சொன்னதை? வாழ்நாளில் தனக்கு ஒன்றும் இல்லை என்று மட்டுமே சொல்லிப் பழகியவர் சொன்னதை.

மேசையில் கிடந்ததெல்லாம் கிடந்தபடி விட்டுவிட்டுக் கீழே ஓடினேன். முதலில் வந்த த்ரீவீலரை மறித்து டிவிஷனுக்கு விடச் சொன்னேன். பதினொன்றரை மணி இருக்கும். பால் நிறுக்கும் கொட்டகையில் பெண்கள் வாளிகளோடு வரிசையில் நின்றார்கள். கணக்கர் கடதாசியும் பேனையுமாக உட்கார்ந்திருந்தார். இவர் வரிசையின் கடைசியில், வாளியைக் கையில் பிடிக்காமல் தரையில் வைத்து, கொட்டகைத் தூணில் தோளைச் சாய்த்துக்கொண்டு நின்றார். அன்றைக்கும் மலைக்குப் போய், வெட்டி, சுமந்துகொண்டு இறங்கியிருக்கிறார். உதடு நீலமாக இருந்தது. அது எனக்கே தெரிந்தது.

நான் மூச்சு வாங்கிக்கொண்டு எதிரே போய் நின்றேன். என்னைக் கண்டதும் தூணிலிருந்து நிமிர்ந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அந்தப் புள்ளைக்குப் போட்டுட்டீங்களா சேர்?”

“போட்டாச்சும்மா. எடம் கெடச்சிருச்சு.”

முகம் மலர்ந்துபோனது. பக்கத்தில் நின்றவர்களிடம் கெடச்சிருச்சாம், கெடச்சிருச்சாம் என்று இரண்டு தரம் சொன்னார். பிறகு பாதையில் நின்ற த்ரீவீலரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“கூட்டிட்டுப் போகவா வந்தீங்க? திரும்பவும் இன்டர்வியூங்களா?” வாளியைப் பக்கத்துப் பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டு, சேலையைச் சரிசெய்துகொண்டு, வருகிறேன் என்பதுபோல ஓரடி முன்னால் வைத்தார். “இந்தத் தடவ என்ன நோவுன்னு சொல்லணுங்க சேர்?”